3 வட்டியை முதலில் முடித்தோம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. வெளியில் வட்டிக்கு வாங்கியது, வண்டித் தவணை, மளிகைக் கடைப் பாக்கி என்று மூன்று பக்கமும் கடன். சின்னதை முதலில் அடைக்கலாம் என்றார் வீட்டுக்காரர். நான் வட்டியைப் பாருங்கள் என்றேன். 3 வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய், வருடத்துக்கு 36. வட்டியை மட்டும் எவ்வளவு நாள் கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும். கூட்டுறவு வங்கியில் நகைக்கடனுக்கு அதில் பாதி வட்டிகூட இல்லை. வளையலை அங்கே வைத்து வெளிக்கடனை முடித்தோம். எழுதிக்கொடுத்த புரோநோட்டைக் கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும், அது முக்கியம்.

அப்புறம் செலவு. ஓட்டல் பிரியாணி சுலபமாக நின்றது. கரண்ட் பில்லில்தான் நல்ல மிச்சம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்குமான குறைந்த விலையும் போய்விடும். அதனால் மீட்டரை நானே அவ்வப்போது பார்த்து ஏசியைக் குறைத்தேன். மீனை மட்டும் விடவில்லை, கடலூரில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமா? வஞ்சிரத்துக்குப் பதில் முதுநகரில் மத்தி வாங்குகிறோம். மிச்சமாகும் பணம் சம்பளம் வந்த அன்றே நகைக்கடன் அசலுக்குப் போகிறது. மளிகைப் பாக்கி தீர்ந்துவிட்டது, இப்போது ரொக்கம்தான்.