ஒளிவிலகல் கணக்கில் மதிப்பெண் பறிபோகும் இடங்கள்

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைவதைக் கணக்கிடும் ஸ்நெல் விதியை (முதல் ஊடகத்தின் ஒளிவிலகல் எண் × படுகோணத்தின் சைன் = இரண்டாம் ஊடகத்தின் ஒளிவிலகல் எண் × விலகுகோணத்தின் சைன்) மறந்து கணக்கில் தவறும் மாணவர்கள் குறைவு. விதியைச் சரியாக எழுதிவிட்டு, கோணத்தில் கோட்டை விடுபவர்களே அதிகம். படுகோணத்தை நீர்ப்பரப்பிலிருந்து அளக்கக்கூடாது. கதிர் படும் புள்ளியில் பரப்புக்கு வரையும் செங்குத்துக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். "கதிர் நீர்ப்பரப்புடன் 30° கோணத்தில் விழுகிறது" என்று வினா சொன்னால் படுகோணம் 60°. நீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளி காற்றைவிட அதில் எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பது, 1.33. எனவே நீருக்குள் கதிர் அதே செங்குத்துக்கோட்டுடன் அமைக்கும் விலகுகோணம் ஏறத்தாழ 41°. அவசரத்தில் 30° என்றே போட்டால் 22° வரும். அதுவும் படுகோணத்தைவிடச் சிறியதாக, பார்வைக்குச் சரியாகவே இருக்கும் என்பதால் பிழை கண்ணில் படாது. ஆகவே படம் வரையாமல் கணக்கைத் தொடாதீர்கள். செங்குத்துக்கோட்டை முதலில் போடுங்கள்.

அடுத்தது திசை. 1.5 ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடியிலிருந்து காற்றுக்கு 50° படுகோணத்தில் ஒளி வருகிறது. விலகுகோணத்தின் சைன் மதிப்பு 1.15 என்று வரும். கால்குலேட்டர் பிழை காட்டும். உடனே பதறி, பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்து 31° என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம்! அந்த 1.15தான் விடைக்கான தடயம். சைன் மதிப்பு 1ஐத் தாண்டாது. ஆகவே விலகிச் செல்லும் கதிரே இல்லை. இந்தக் கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42°. அதற்கு மேல் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. ஒளியிழைக் கம்பிகளில் இணையத் தரவு பயணிப்பது இந்த முழு அக எதிரொளிப்பால்தான். காற்றிலிருந்து கண்ணாடிக்குச் செல்லும்போது இது ஒருபோதும் நிகழாது.

கனமான பொருள்தான் ஒளியை அதிகம் வளைக்கும் என்று நம்புவதும் தவறு. மண்ணெண்ணெய் நீரில் மிதக்கிறது, ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.44. நீரிலிருந்து மண்ணெண்ணெய்க்குள் சாய்ந்து நுழையும் கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கியே விலகும்.

காற்றில் 600 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளி நீருக்குள் 450 நானோமீட்டராகச் சுருங்குகிறது. ஆரஞ்சு நிறம் நீலமாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஊடகம் மாறினாலும் அதிர்வெண் மாறாது, ஆகையால் நிறமும் மாறாது. தவிர, நாம் கரையில் நின்றாலும் நீரில் மூழ்கினாலும், கண்ணுக்குள் இருக்கும் அதே திரவத்தைக் கடந்துதான் ஒளி விழித்திரையை அடைகிறது.

செங்குத்தாக விழும் கதிர் வளையாது என்பது உண்மை. ஆனால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று எண்ணிவிடக்கூடாது. கண்ணாடிக்குள் நுழைந்ததும் அதன் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரிலிருந்து 2 லட்சமாகக் குறைகிறது.