அடுக்குகளுக்கு நடுவே மாட்டிய நீர் மின்முனைக்கு உதவுகிறதா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி

மின்முனை செய்யப் புதுப் பொடி கைக்கு வந்ததும் அதை ஓவனில் வைத்து நன்றாகக் காய விடுவது பலருக்கும் பழக்கம். லித்தியம் பேட்டரி வேலையில் அது சரிதான். ஆனால் நீர்க்கரைசலில் ஓட்டப்போகும் அடுக்கு ஆக்சைடை (அடுக்கடுக்கான அமைப்புள்ள உலோக ஆக்சைடை) அப்படிக் காயவைத்தால், மின்னேற்றத்தை வேகப்படுத்தக்கூடிய நீரையே விரட்டிவிடுவீர்கள்.

இதைச் சோதிக்க டங்ஸ்டன் ஆக்சைடு டைஹைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு நீர் மூலக்கூறு டங்ஸ்டனோடு நேரடியாகப் பிணைந்திருக்கும், இன்னொன்று அடுக்குகளுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கும். 2017-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெரோனிகா அகஸ்டின் குழு, நீரற்ற ஆக்சைடு பேட்டரி போலவும் டைஹைட்ரேட் போலிமின்தேக்கி (வேதிவினையால் மின்னூட்டத்தைச் சேமித்தாலும் மின்தேக்கி போல வேகமாக இயங்குவது) போலவும் நடந்துகொள்வதை அமிலக் கரைசலில் காட்டியது. மின்னழுத்தத்தை நொடிக்கு 200 மில்லிவோல்ட் வேகத்தில் மாற்றினாலும் டைஹைட்ரேட்டின் ஆற்றல் திறன் கிட்டத்தட்ட 100 சதவீதம்!

செய்முறை எளிது. குளிர்ந்த 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கலக்கிக்கொண்டே 1 மோலார் சோடியம் டங்ஸ்டேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மஞ்சள் வீழ்படிவு வரும். கழுவக் கழுவ அமிலம் குறையும், அது குறையக் குறைய வீழ்படிவு படிய மறுக்கும், அதனால் மையவிலக்கியில் சுற்றித்தான் கழுவ வேண்டும். அப்புறம் அறை வெப்பத்திலேயே உலரட்டும். அதே பொடியில் பாதியை 350 டிகிரியில் சுட்டால் நீரற்ற ஆக்சைடு கிடைக்கும். ஒரே பொடியிலிருந்து இரண்டையும் எடுத்தால்தான் துகள் வடிவமும் அளவும் பெரிதாக மாறாமல் ஒப்பிட முடியும். சூட்டில் நுண்துளைகள் உண்டாகலாம், எனவே பரப்பளவையும் அளந்துவிடுங்கள்.

நீர் இருக்கிறதா என்று ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். டிஜிஏ-வில் (சூடேற்றிக்கொண்டே எடை இழப்பை அளக்கும் முறை) டைஹைட்ரேட் சுமார் 13.5 சதவீத எடை இழக்க வேண்டும், ஒரு நீர் மட்டும் மிஞ்சிய மோனோஹைட்ரேட் என்றால் 7.2 சதவீதம்தான். இடையில் ஏதாவது வந்தால் உங்களிடம் இருப்பது கலவை. எக்ஸ்ஆர்டி-யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை, தாமிரக் கதிர்) டைஹைட்ரேட்டின் முதல் உச்சி 13 டிகிரி கோணத்துக்குச் சற்றுக் கீழே, அதாவது அடுக்கு இடைவெளி சுமார் 6.9 ஆங்ஸ்ட்ராம். மோனோஹைட்ரேட்டுக்கு 16.5 அருகே. நீரற்றதில் 23-க்கும் 24.5-க்கும் நடுவே மூன்று உச்சிகள் நெருங்கி நிற்கும்.

அடுத்து மின்முனை. பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். பிவிடிஎஃப் பைண்டரை (பொடியை ஒட்டவைக்கும் பாலிமர்) என்எம்பி என்ற கரைப்பானில் கரைத்துப் பூசி, 120 டிகிரி வெற்றிட ஓவனில் இரவு முழுக்க வைத்தால் அடுக்கிடை நீர் போயே போய்விடும், நீங்கள் டைஹைட்ரேட் என்று நினைத்து வேறொன்றை அளந்துகொண்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக நாஃபியான் என்ற பாலிமரைப் பொடியோடு எத்தனாலில் கலந்து கார்பன் தாளில் மெல்லியதாகப் பூசி, வெளிக்காற்றிலேயே காயவிடுங்கள். பூசிய பிறகு இன்னொரு முறை எக்ஸ்ஆர்டி எடுங்கள், இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

மின்பகுளி 0.5 மோலார் கந்தக அமிலம். சுற்றை முடிக்க எதிரே வைக்கும் துணை மின்முனைக்கு (கவுன்டர் எலக்ட்ரோடு) பிளாட்டினம் வேண்டாம், அது கொஞ்சம் கரைந்து உங்கள் மின்முனையில் படிந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பி அளவு குழம்பும், கார்பனே போதும். புரோட்டான் உள்ளே போகும்போது மஞ்சள் நீலமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சிவி-யை (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை) மெதுவான வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். நீரற்றதில் ஏறும் உச்சியும் இறங்கும் உச்சியும் வேகம் கூடக்கூட விலகிக்கொண்டே போகும், டைஹைட்ரேட்டில் இரண்டும் ஏறக்குறைய நேரெதிரே நிற்கும். மின்னோட்டத்தையும் வேகத்தையும் மடக்கை வரைபடத்தில் போட்டுச் சாய்வைப் பாருங்கள்: 0.5 அருகே என்றால் பொருளுக்குள் புரோட்டான் பரவும் வேகம் கட்டுப்படுத்துகிறது, 1 அருகே என்றால் மின்தேக்கி நடத்தை. கரைசலின் மின்தடையும் அதிகப் பூச்சும்கூடச் சாய்வைக் குறைத்துக் காட்டும், அதனால் ஒப்பிடும் இரண்டு மின்முனைகளிலும் (நீரற்றது, டைஹைட்ரேட்) ஒரே அளவு பொருளை வையுங்கள்.

கணக்கில் ஒரு நியாயம் வேண்டும். நீருக்கும் எடை உண்டே. டங்ஸ்டன் அணு ஒன்றுக்கு ஓர் எலக்ட்ரான் என்று கொண்டால் நீரற்றதற்கு கிராமுக்குச் சுமார் 116 மில்லியாம்பியர்-மணி, டைஹைட்ரேட்டுக்கு 100. கிராமை மட்டும் வைத்து ஒப்பிட்டால் நீர் கெடுதல் செய்கிறது என்று தோன்றும். டங்ஸ்டன் அணு ஒன்றுக்கு எவ்வளவு மின்னூட்டம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சுழற்சிகள் முடிந்ததும் மின்முனையைக் கழுவி, ஓவன் பக்கமே கொண்டுபோகாமல் மறுபடி எக்ஸ்ஆர்டி-யில் வையுங்கள். டைஹைட்ரேட்டில் 13 டிகிரி அருகே உச்சி அப்படியே இருந்து, நீரற்றதில் அந்த உச்சி புதிதாக முளைக்காமலும் இருந்தால், நீங்கள் பார்த்த வித்தியாசத்தை நீரின் கணக்கில் தயங்காமல் எழுதலாம்.