இரவல் சுவர்: வீட்டை அலங்கரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசன் கடைசிப் பூச்சை முடித்துக் கை கழுவும் முன்னரே வீட்டுக்காரர் கைபேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டி, “தம்பி, அச்சொட்டாய் இப்பிடியே வேணும்” என்று கேட்பது கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் இப்போது சாதாரணக் காட்சி. பிறரிடமிருந்து யோசனையை இரவல் வாங்குவதில் குற்றமில்லை. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது அப்படி அமைந்ததற்கான காரணத்தைக் கவனியாமல் விடுவதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

முதற்பிழை நான் செய்தது. நோர்வே, சுவீடன் வீடுகளின் தூய வெள்ளைச் சுவர்களைப் பார்த்து மயங்கி, என் வீட்டு ஹோல் முழுவதற்கும் மினுக்கமில்லாத வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். குளிர்காலத்தில் சில மணி நேரமே கிடைக்கும் மங்கலான பகல் வெளிச்சத்தை அறைக்குள் பரப்புவதற்கு அந்த நாடுகளில் வெள்ளை உதவுகிறது. கண் கூசும் வெயிலும் கிரவல் வீதியும் வாசலிலேயே இருக்கும் வன்னியில் அந்தத் தேவையே இல்லை. சோளகக் காற்று ஓய்வதற்குள் சுவர் இடுப்பளவுக்குச் செம்புழுதி நிறமாயிற்று; ஈரத்துணியால் துடைத்த இடங்கள் திட்டுத்திட்டாய்த் தெரிந்தன. அப்போதுதான் அம்மம்மாவின் மண்வீடு நினைவுக்கு வந்தது. அவர் சுவரின் அடிப்பகுதியை மட்டும் கருஞ்சிவப்பு மண் குழைத்துப் பட்டையாக மெழுகியிருப்பார். அழுக்குப்படும் இடம் அது என்பதை அறிந்து செய்த அலங்காரம். இப்போது என் ஹோலில் 3 அடி உயரத்துக்குக் கழுவக்கூடிய செங்காவிப் பெயின்ற். அதற்கு மேலே இளமஞ்சள்.

வார்லி ஓவியத்தை அச்சுத்தகடு வைத்து ஒற்றியெடுப்பது அடுத்த பிழை. மகாராட்டிரத்தின் வார்லிப் பழங்குடியினர் செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவைக் கரைத்து, வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவற்றைக் கொண்டே தங்கள் வயலையும் ஆட்டத்தையும் கல்யாணத்தையும் வரைந்து வந்தவர்கள். அவர்களுடைய ஊதுகருவியைச் சுற்றி ஆடுவோரை முல்லைத்தீவிலுள்ள ஒரு வீட்டுச் சுவரில் ஏற்றினால், அந்த வீட்டார் எவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒரு கதையும் இராது. இரவலாகப் பெற வேண்டியது, தன் வாழ்வைத் தானே எளிய வடிவங்களால் வரையும் அந்த வழக்கத்தைத்தான். சூடடிக்கும் களம், குளக்கட்டில் நிற்கும் மாடுகள், பனைவடலி ஆகிய மூன்றும் முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் நன்றாகவே அடங்கும். இன்றைய ஓவியர் ஒருவரின் படைப்பை உணவகச் சுவரில் அப்படியே வரைந்து கீழே தன் பெயரை எழுதுவது இதிலும் மோசமானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஓவியர் வாழும் காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அவருடைய படைப்பின் மீதான உரிமையைப் பாதுகாக்கிறது.

செங்கல் போலத் தோன்றும் வோல்பேப்பரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: நம் ஊர்க் கறையானுக்கு அது படையல். புதுப்பூச்சு காய்வதற்கு ஏறக்குறைய 4 வாரம் பொறுக்காமல் பெயின்ற் அடித்தால், எந்த நாட்டு வடிவமானாலும் உப்புப் பூத்து உதிரும்.

எனினும், அதிகம் கவனிக்கப்படாத பிழை படங்களைப் பற்றியது. வெளிநாட்டு ஹோல்களின் நடுச்சுவரில் ஒரே அளவுச் சட்டங்கள் வரிசையாக இருக்கும். அதே வரிசையை இங்கே போட்ட பின்னர்தான், மாலையிட்ட படங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. வன்னியில் பல வீடுகளில் அந்தப் படங்கள் உண்டு. இடப்பெயர்வில் அல்பங்கள் தொலைந்ததால் ஒன்று அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்ததாகவும், இன்னொன்று கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்ததாகவும் இருக்கும். அளவும் நிறமும் ஒன்றோடொன்று ஒத்துவரா. அவற்றை அறை மூலைக்கு ஒதுக்குவதைவிட, அந்தச் சுவரையே முதலில் அவற்றுக்கென விட்டு, மற்ற அலங்காரத்தைப் பின்னர் யோசிப்பதே முறை. அளவுகள் வேறுபட்டாலும், எல்லாப் படங்களின் நடுப்பகுதியும் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி 9 அங்குலத்தில் ஒரே நூலில் அமைந்தால் சுவர் அமைதியாகத் தெரியும். சட்டத்தின் அளவோடு மாலை தொங்கும் நீளத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். படத்துக்கு மேலே எரியும் சிறு சிவப்பு மின்குமிழுக்கான வயர் பூச்சுக்கு முன்னரே சுவருக்குள் போய்விட வேண்டும். இதை மேசனிடம் முதல் நாளே சொல்லாவிட்டால், பிறகு புதுச்சுவரை வெட்டித்தான் வயர் இழுக்க நேரும்.