மெட்டபாலிசம் வாதத்தில் சொல்லாமல் விட்டது எது? அடிக்கடி நடக்கும் தவறுகள்

இந்த வாதத்தைப் பாருங்கள். (மெட்டபாலிசம் என்பது உடல் கலோரியைச் செலவழிக்கும் வேகம்.)

"எடை குறைத்தவர்களுக்கு மெட்டபாலிசம் மந்தமாகிறது. அவர்களில் பலருக்குக் குறைத்த எடை திரும்ப ஏறுகிறது. ஆகவே, எடை திரும்ப ஏறுவதற்கு மெட்டபாலிசம் மந்தமாவது ஒரு காரணம்."

இதில் எழுதாமல் விட்ட எடுகோள், அதாவது முடிவு நிற்க உண்மையாக இருந்தே ஆகவேண்டிய கருத்து, எது என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் வருஷா வருஷம் ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். கேள்வியை அவசரமாகப் படிப்பது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். மற்றவை தானாகச் சரியாவதில்லை.

முடிவோடு சண்டை போடுவது

முடிவு சரியா தவறா என்று யாரும் கேட்கவில்லை. அது நிற்க எது தேவை என்பதுதான் கேள்வி.

வாதத்துக்கு உதவுவதை எல்லாம் எடுகோள் என்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சலூட்டும் தவறு இது. மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி.யின் சீசாட் (திறனறி) தாளில் ஒரு கேள்விக்கு 2.5 மதிப்பெண், தவறாகக் குறித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். நன்றாகப் படித்தவர்களும் இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

மேலே உள்ள வாதத்துக்கு மூன்று விடைகள் தரப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

அ) எடை திரும்ப ஏற மெட்டபாலிசம் மட்டுமே காரணம்.
ஆ) மெட்டபாலிசம் மந்தமானவர்களில் சிலராவது, சாப்பாட்டைக் குறைத்தோ உழைப்பைக் கூட்டியோ அந்தக் குறைவை முழுசாக ஈடுகட்டுவதில்லை.
இ) எடை குறைத்த எல்லோருக்கும் எடை திரும்ப ஏறுகிறது.

பெரும்பாலோர் 'அ'வைக் குறிப்பார்கள். அது உண்மையானால் முடிவு உறுதியாகிவிடும், அதனால் கை அங்கே போகிறது. ஆனால் உறுதியாக்குவது வேறு, இல்லாமல் முடியாது என்பது வேறு. எடுகோளை மறுத்தால் வாதம் விழ வேண்டும். மறுத்துப் பாருங்கள்: "மெட்டபாலிசம் மட்டும் காரணமல்ல, பசி கூடுவதும் காரணம்." முடிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது இன்னமும் 'ஒரு காரணம்'தான். ஆகவே 'அ' எடுகோள் அல்ல.

'ஆ'வை மறுத்தால், எல்லோருமே அந்தக் குறைவை முழுசாக ஈடுகட்டிவிடுகிறார்கள் என்றாகிறது. பிறகு மந்தமானது எப்படி எடையை ஏற்றும்? வாதம் விழுகிறது. விடை இதுதான்.

'இ'யில் மறுக்கும் முறையே தப்பிப்போகிறது. "எல்லோருக்கும் ஏறுகிறது" என்பதை "யாருக்கும் ஏறுவதில்லை" என்று திருப்பிவிடுகிறார்கள். உடனே வாதம் விழுந்ததுபோலத் தெரிகிறது. சரியான மறுப்பு, "சிலருக்காவது ஏறுவதில்லை." அதனால் வாதத்துக்குச் சேதமில்லை. 'எல்லோரும்', 'மட்டுமே', 'எப்போதும்' கண்ணில் பட்டால் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, பிறகு மறுத்துப் பாருங்கள்.

இன்னொன்று: முடிவு பெரிதானால் எடுகோளும் பெரிதாகும். 'ஒரு காரணம்' என்பதை 'முக்கியக் காரணம்' என்று மாற்றினால், அதிகம் மந்தமானவர்களுக்கே அதிக எடை திரும்பியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. அமெரிக்காவின் 'தி பிக்கெஸ்ட் லூசர்' எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆராய்ந்து ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2016இல் வெளியிட்ட முடிவுகள் இங்கே உதவும். 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தார்கள். 6 வருடத்தில் 41 கிலோ திரும்பியது. ஓய்வில் உடல் செலவழிக்கும் கலோரி, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாக இருந்தது. படித்த பலர் 'முக்கியக் காரணம்' என்று முடிவுகட்டினார்கள். ஆனால் போட்டி முடிவில் இருந்த மந்தத்துக்கும் பிறகு ஏறிய எடைக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆறாம் வருடத்தில், குறைத்த எடையை அதிகம் தக்கவைத்தவர்களுக்கே மந்தமும் அதிகம்.

'குறைந்தது' என்பதையும் 'எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது' என்பதையும் ஒன்றாக்குவது

அதே ஆய்வில், தொடக்கத்தோடு ஒப்பிட்டால் குறைவு சுமார் 700 கலோரி. உடல் சிறுத்தால் செலவும் குறையத்தான் செய்யும். அதைக் கழித்த பிறகுதான் 500. வாதம் எந்த எண்ணைச் சொல்கிறது என்று பாருங்கள்.

எழுதியிருப்பதையே எடுகோள் என்பது

அது ஆதாரம். விட்டுவிடுங்கள்.

வாய்ச்சொல்லை அளவீடாக எடுத்துக்கொள்வது

"நாளுக்கு 1200 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை, எனவே என் மெட்டபாலிசம் மந்தம்." இதில் ஒளிந்திருப்பது, அந்த 1200 சரியான கணக்கு என்பது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 1992இல் வந்த ஆய்வில் இப்படிச் சொன்ன 10 பேரை அளந்தார்கள். மெட்டபாலிசம் இயல்பாகவே இருந்தது. சாப்பிட்டதாகச் சொன்னது சராசரியாக 1028 கலோரி, உண்மையில் சாப்பிட்டது 2081. இவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. தாளிப்பில் ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 120 கலோரி, அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

வயதைக் கேள்வி கேட்காமல் விடுவது

"முப்பதைத் தாண்டியதும் தொப்பை வந்தது, மெட்டபாலிசம் குறைந்துவிட்டது" என்ற வாதம், அந்த வயதில் மெட்டபாலிசம் குறைகிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. சயன்ஸ் இதழில் 2021இல் வந்த ஆய்வு 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் தொகுத்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 முதல் 60 வயதுவரை அது ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது.