உலுருவில் நாம் செலவழிக்கும் பணம் யாருக்குப் போகிறது?

உலுரு, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் நிற்கும் மாபெரும் செம்பாறை; அனங்கு என்ற பழங்குடி மக்களின் மண். ஆஸ்திரேலியாவில் பழங்குடிப் பண்பாடு என்ற பெயரில் விற்பனையாவது எல்லாம் அந்த மக்களுக்கே சொந்தமானது என்று நம்பிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பூமராங்கு, டிஜெரிடூ என்ற ஊதுகருவி போன்றவற்றைப் பழங்குடியினர் கையால் செய்தவை என்று நம்பும்படி விற்றது பிருபி ஆர்ட் என்ற நிறுவனம். சரக்கு வந்ததோ இந்தோனேசியாவிலிருந்து. 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஆகவே, பழங்குடிப் பாணியில் புள்ளி வைத்த ஓவியத்தைக் கண்டதும் பணத்தை எடுக்காதீர்கள். செய்தவர் பெயர் என்ன, எந்தச் சமூகத்தவர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். உலுரு பண்பாட்டு மையத்தில் உள்ள ‘மாருக்கு’, அனங்கு மக்களுக்கே சொந்தமான கலைப்பொருள் நிறுவனம். அவர்களுடைய மரச்சிற்பங்களில் தெரியும் கறுப்புக் கோடுகள், நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒவ்வொன்றாகச் சுட்டு வரைந்தவை.

நில உரிமையையும் தொழில் உரிமையையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. 1985 அக்டோபர் 26 அன்று உலுரு அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. தேசியப் பூங்காவாக நடத்த 99 ஆண்டுக் குத்தகைக்கு அவர்கள் அதை அரசிடம் விட்டார்கள். நுழைவுக் கட்டணத்தில் கால் பங்கு அவர்களுக்குச் சேர்கிறது. ஆனால் பூங்காவுக்கு வெளியே, யுலாரா என்ற சுற்றுலா ஊரில் இருக்கும் விடுதிகளின் கணக்கு வேறு. 2011இல் அவற்றை வாங்கியது, பழங்குடியினர் நிலத்துக்காக மத்திய அரசு சட்டப்படி அமைத்த நிறுவனம். அனங்கு சமூகம் அல்ல. நாட்டின் வடக்கே உள்ள நிட்மிலுக் பள்ளத்தாக்கில் படகுச் சுற்றுலா நடத்தும் நிறுவனமோ முழுக்க முழுக்க அந்த மண்ணின் பழங்குடியினரான ஜாவோயின் மக்களின் சங்கத்துக்குச் சொந்தம். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு முன்பதிவு செய்வது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

வரவேற்பறையில் பழங்குடி இளைஞர்களைப் பார்த்ததும் உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். யுலாராவின் பயிற்சி மையத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். அது நல்ல முயற்சிதான். ஆயினும் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர், அனங்கு மண்ணில் விருந்தினரே. துக்கச் சடங்குகளுக்கு நாள்கணக்கில் போக வேண்டிய உள்ளூர்க்காரருக்கு ஓட்டல் ஷிப்ட் எளிதில் ஒத்துவராது. சமூகமே நடத்தும் தொழிலில் அதற்கேற்ப வேலையை மாற்றிக்கொள்ள முடியும்.

எனவே, துக்கத்தின் பொருட்டு ஒரு சுற்றுலா ரத்தானால் புகார் எழுதாதீர்கள். வழிகாட்டி ஒரு கதையைப் பாதியில் நிறுத்தினாலும் துருவ வேண்டாம். எதை யாரிடம் சொல்லலாம் என்பதற்கு அனங்கு மக்களின் ‘ஜுகுர்பா’ என்ற மூதாதையர் நெறியில் விதி உண்டு.