முட்டை எடுத்தபின் வயிறு வீங்கியது: என் அனுபவம்

ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சையில் எனக்கு 24 கருமுட்டை எடுத்தார்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பதால் வயிறு கொஞ்சம் உப்பும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் மூன்றாம் நாள் கல்லாக இறுகியபோதும் வாயு என்றே நினைத்தேன். அத்தை ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். கேஸ் மாத்திரை போட்டேன். மலச்சிக்கலோ என்று இசப்கோலும் ஆயிற்று. "நிறையத் தண்ணி குடி" என்றார்கள். குடிக்கக் குடிக்க வீங்கியதுதான் மிச்சம்.

காட்டிக்கொடுத்தது பாவாடை நாடா. காலையில் முடிச்சு விழுந்த இடத்துக்கு மாலையில் நாடா எட்டவில்லை. எடை பார்த்தால் இரண்டு நாளில் மூன்று கிலோ கூடியிருக்கிறது, சாப்பிட்டதோ அரை இட்லி. சிறுநீரை அளவுக் கப்பில் பிடித்துப் பார்த்தேன்: நாள் முழுக்க 400 மில்லிகூட இல்லை. படுத்தால் மூச்சு முட்டியது.

போனில் "வயிறு உப்புசம்" என்றபோது பொறுக்கச் சொன்ன அதே மருத்துவமனை, இந்த எண்களைச் சொன்னதும் உடனே வரச் சொன்னது. ஸ்கேனில் வயிறு நிறைய நீர். ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்ததாம்; ஊசி மருந்தால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வரும் ஓஎச்எஸ்எஸ் என்றார்கள். ரத்தம் கெட்டியாகி ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 46. ஊசி வைத்து இரண்டு லிட்டர் இறக்கினார்கள். அன்றிரவுதான் படுத்துத் தூங்கினேன். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி, கசிவைக் குறைக்கக் கேபர்கோலின் மாத்திரை, வெறும் தண்ணீருக்குப் பதில் ஓஆர்எஸ். கருவை உடனே வைக்காமல் உறைநிலையில் வைத்தார்கள். இப்போது கர்ப்பம் தரித்தால் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஏறி இது இன்னும் முற்றுமாம். பத்தாம் நாள் மாதவிடாய் வந்ததும் வீக்கம் தானாக வடிந்தது.