ஓர் ஆண்டின் பக்கத்தை எழுதுவது எப்படி? 1921-ஐ வைத்து ஒரு பயிற்சி

"காந்தி வந்த வருசம் பொறந்தவ நான்" என்பார் என் அப்பத்தா. மேலூர்ப் பக்கத்துக் கிராமம். வாக்காளர் அட்டையில் பிறந்த ஆண்டு 1925 என்று இருந்தது. காந்தியோ மதுரைக்கு ஐந்து முறை வந்திருக்கிறார்: 1919, 1921, 1927, 1934, 1946. எந்த வருகை? அதைத் தேடப் போய்த்தான் ஓர் ஆண்டின் பிறப்பு, இறப்பு, நிகழ்வுகளைத் தொகுக்கக் கற்றுக்கொண்டேன். முதன்முறையாகச் செய்கிறவர்களுக்கு, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: நோட்டைத் தயார் செய்யுங்கள்

நூறு பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, கிழமை, என்ன நடந்தது, எங்கே, எப்படித் தெரியும். கடைசிக் கட்டம்தான் உயிர். "வாட்ஸப்பில் வந்தது" என்றால் அப்படியே எழுதுங்கள், பின்னால் சரிபார்க்கலாம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரியை மட்டும் இறுதிப் பக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

படி 2: ஆண்டுக்கு எத்தனை பெயர் என்று பாருங்கள்

நம் ஊரில் ஒரே ஆண்டு பல பெயரில் ஒளிந்திருக்கும். 1921 ஏப்ரல் நடுப்பகுதி வரை ரௌத்திரி, சித்திரை பிறந்ததும் துன்மதி. ஜாதகம், பழைய கல்யாணப் பத்திரிகை, கோவில் கல்வெட்டு எல்லாம் இந்தப் பெயரில்தான் பேசும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் மறக்கக் கூடாது. 1981 சித்திரையில் பிறந்ததும் துன்மதிதான். வெறும் "துன்மதி" என்று மட்டும் இருந்தால், அது தாத்தா காலமா அப்பா காலமா என்று வேறு தடயத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிலப் பத்திரங்களில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1331 என்றால் 1921 ஜூலை முதல் 1922 ஜூன் வரை. பாதி இந்த ஆண்டு, பாதி அடுத்த ஆண்டு. மாதம் தெரியாமல் 1921 என்று போட்டுவிடாதீர்கள்.

படி 3: உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள்

உலகச் செய்தியில் தொடங்கினால் பக்கம் யாருடையதோ போல ஆகிவிடும். மதுரைக்காரர்களுக்கு 1921 என்றால் மேலமாசி வீதிதான்.

செப்டம்பர் 22, வியாழக்கிழமை. மேலமாசி வீதியில் தான் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி இடுப்பில் ஒற்றை வேட்டித்துண்டோடு வெளியே வருகிறார். தொப்பி இல்லை, மேலங்கி இல்லை. அந்நியத் துணியை விட்டுக் கதர் கட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவர். கதர் வாங்க எங்களிடம் காசு ஏது என்று ஏழைகள் கேட்ட கேள்வி அவரைத் தைத்திருந்தது. அந்தக் கோலத்தில் அவர் முதலில் பேசிய இடத்தைத்தான் இன்று காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்கிறோம். தங்கிய வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள், ஒரே காலையில் முடிந்துவிடும். அப்படியே தமுக்கம் பக்கம், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள்.

இந்த நிகழ்வை எழுதும்போது பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கே "இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான்" என்று காந்தி அறிவிக்கவில்லை. குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான் முதலில் கெடு வைத்தார். அந்தக் கெடு பிறகு முடியவே இல்லை. முடிவு தெரிந்த நமக்கு எல்லாம் முன்பே தீர்மானமானது போலத் தோன்றும். ஆண்டுப் பக்கம் எழுதுகிறவர் அன்றைய நாளில் நின்றுதான் எழுத வேண்டும். கெடு வைத்த மனிதர்தான் எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறார்.

படி 4: இறப்புகள்

காந்தி உடை மாற்றிய நாளுக்குப் பதினோரு நாள் முன்னால் பாரதி போய்விட்டார். 1904-ல் சில மாதம் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், அதனால் நம் பக்கத்திலும் அவருக்கு இடம் உண்டு. எந்தத் தேதி போடுவது? தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது. சென்னை மாநகராட்சி இறப்புப் பதிவில் இருப்பது செப்டம்பர் 12. உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி. நம் வழக்கத்தில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள், கடிகாரக் கணக்கில் பன்னிரண்டு அடித்தாலே அடுத்த நாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. "செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்" என்று எழுதி, காரணத்தை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

வயதிலும் சறுக்கல் உண்டு. 1921-லிருந்து 1882-ஐக் கழித்து 39 என்று எழுதிவிடுகிறார்கள். அவர் பிறந்தது டிசம்பர் 11. அந்தப் பிறந்தநாள் வரவே இல்லை, ஆகவே 38. யானை கதையும் அப்படித்தான். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் யானை தள்ளியது உண்மை, ஆனால் அதில் அவர் சாகவில்லை. தேறி எழுந்து, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். மாதங்கள் கழித்து வயிற்று நோயில்தான் போனார். இரண்டு சம்பவத்துக்கும் தனித்தனி வரி கொடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 5: பிறப்புகள்

இது சுலபம். சத்யஜித் ராய் மே 2, நரசிம்ம ராவ் ஜூன் 28, ஆர்.கே. லட்சுமண் அக்டோபர் 24, வர்கீஸ் குரியன் நவம்பர் 26. ஒன்று மட்டும் கவனம்: அன்று குழந்தையாக இருந்தவரைப் பற்றிப் பெரிய வாக்கியம் எழுத வேண்டாம், "பின்னாளில் வெண்மைப் புரட்சி செய்தவர்" என்பது போல ஒரு குறிப்பு போதும்.

நம் மதுரையின் டி.எம். சௌந்தரராஜனைச் சேர்க்க எனக்குக் கொள்ளை ஆசை. அவர் பிறந்தது 1922 மார்ச் 24. ஆங்கில ஆண்டுப்படி பக்கத்துக்கு வெளியே, துன்மதி கணக்கில் உள்ளே! எந்த நாட்காட்டியின் ஆண்டு என்று முதலிலேயே முடிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

படி 6: வெளியுலகம், அப்புறம் விட வேண்டியவை

ஏப்ரலில் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானம் போட்டது. ஆகஸ்டில் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி வெடித்தது. செப்டம்பர் 16-ல், அரசு வேலைகளில் பல வகுப்பினருக்கும் இடம் தரச் சொன்ன நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி அரசாணை வந்தது. ஐன்ஸ்டைனின் இயற்பியல் நோபல் 1921-ஆம் ஆண்டுக்கானது, அறிவித்தது 1922 நவம்பரில். அது இந்தப் பக்கத்தில் வராது.

விடுவதற்கு மனம் வராத ஒன்று பெருங்காமநல்லூர். உசிலம்பட்டிப் பக்கத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது 1920 ஏப்ரல் 3-ல். 1921 என்று தவறாகச் சேர்ப்பது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களுக்கு 1920-ன் பக்கத்தை முழுதாக எழுதுங்கள்.

படி 7: வீட்டுத் தேதியைப் பூட்டுங்கள்

இப்போது உங்கள் வீட்டுப் பெரியவரை உள்ளே கொண்டுவாருங்கள். அப்பத்தாவின் ஜாதகத்தில் துன்மதி, ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை, நட்சத்திரம் மட்டும் தெளிவாக இருந்தன. தேதி இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. அந்த ஐப்பசியில் ஞாயிறுகள் அக்டோபர் 23, 30, நவம்பர் 6, 13. நட்சத்திரம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பும், அதனால் நான்கில் ஒரு ஞாயிறுதான் அவர் நட்சத்திரத்துக்குப் பொருந்தும். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டியதும் விடை கிடைத்தது.

எங்கள் நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: 1921 அக்டோபர் 30, ஞாயிறு. அப்பத்தா பிறப்பு. மேலூர்ப் பக்கம். ஜாதகம், பஞ்சாங்கம். அதற்குக் கீழே, அடுத்த நாளுக்கான வரி: அக்டோபர் 31, திங்கள். காந்தி வைத்த கெடு.